பெட்டிக்குள் பாதி, நெட்டுக்குள் மீதி

ஆஷஸ் கிரிக்கெட் 2013 என்றொரு கேம் வந்ததை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. வந்த வேகத்திலேயே அது போய்விட்டதுதான் காரணம். இங்கிலாந்தில் நடந்த ஆஷஸ் தொடரோடு ஜூன் மாதம் வெளியிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். தள்ளித் தள்ளிப் போய், ஆஸ்திரேலியாவில் அடுத்த ஆஷஸ் தொடங்கிய சமயத்தில், 2013 நவம்பரில், ஸ்டீம் கடையில் விற்பனைக்கு விட்டார்கள். வாங்கியவர்கள் ஆடிப் பார்த்து யூடியூப்பில் ஏற்றிய காணொளிகளைப் பார்த்து கிரிக்கெட் உலகமே சிரித்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வெளியிட்ட 505 கேம்ஸ் நிறுவனம் கேமைக் கடையிலிருந்து இறக்கி, வாங்கிய எல்லோருக்கும் காசைத் திருப்பிக் கொடுத்து, இன்னும் வராமல் இருந்த கன்சோல் பதிப்புகளையும் சேர்த்துக் கைவிட்டது. தேர்ந்தெடுத்த எஞ்சினுக்கு கிரிக்கெட்டின் சிக்கல் பிடிபடவில்லை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள்.

நான் அந்தக் கேமைப் பழிக்க வரவில்லை. கடந்த பதினைந்து வருடங்களில் நடந்த நேர்மையான கேம் வெளியீடுகளில் அதுவும் ஒன்று என்பது என் கட்சி. ஓடாத சரக்கை விற்றார்கள், ஓடவில்லை என்று ஒத்துக்கொண்டார்கள், காசைக் கொடுத்தார்கள், கதை முடிந்தது.

அதே கேம் இன்றைக்கு வந்திருந்தால் கதை வேறு. "உங்கள் கருத்துகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், முதல் பேட்ச் அடுத்த வாரம்" என்று ஒரு பதிவு வந்திருக்கும். அடுத்த வாரம் 18 ஜிபி. அதற்கடுத்த மாதம் 22 ஜிபி. ஒரு வருடம் கழித்து "இப்போது ஆடலாம்" என்று விமர்சகர்கள் சொல்ல, விற்பனை இன்னொரு தடவை சூடு பிடித்திருக்கும். காசைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சே எழுந்திருக்காது.

இதையெல்லாம் நான் எழுதுவது பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு வீட்டிலிருந்து. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவில் மணல், தென்னை, வெங்காயத் தோட்டம். மேற்கே பார்த்தால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி. மாம்புரிப் பக்கம் போனால் காற்றாலைகள். நாட்டுக்கே மின்சாரம் செய்கிற இடம் என்று பெயர். கேம் பற்றிய பதிவில் இதெல்லாம் எதற்கு என்றால், ஒரு கேமின் பிழை கொழும்பில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவருக்கு ஒரு விலை, எங்களுக்கு இன்னொரு விலை. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

சின்னம்மாவின் மகன் போன வருடம் பழைய ப்ளேஸ்டேஷன் 4 ஒன்றை வாங்கினான். அதோடு ஒரு கால்பந்து கேம் டிஸ்க். எந்தக் கேம் என்பது வேண்டாம், இப்போது எல்லாமே அப்படித்தான். டிஸ்க்கைப் போட்டான். உள்ளே ஏறியது. ஏறி முடிந்ததும் திரையின் மூலையில் "அப்டேட் ஃபைல்" என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

"அண்ணா, சீடியப் போட்டும் ஏன் டவுன்லோட் கேக்குது? முழுக் கேமுக்கும்தானே காசு குடுத்தேன்?"

அவனுக்கு என்ன பதில் சொல்வது? கணக்கைத்தான் சொல்லிக் கொடுத்தேன். அப்டேட் 40 ஜிபி. அவர்கள் வீட்டு இணைப்பு நல்ல நாளில் விநாடிக்கு 10 மெகாபிட் தரும். 40 ஜிபி இறங்க ஒன்பது மணித்தியாலம் வேண்டும், அதுவும் இடையில் ஒரு தடவைகூட அறுந்து போகாமல் இருந்தால். நம் நாட்டு வீட்டு இணையப் பெக்கேஜ்களில் பலவற்றுக்கு இரண்டு பங்கு இருப்பது உங்களுக்குத் தெரியும்: எந்நேரமும் பாவிக்கிற டேட்டா கொஞ்சம், நள்ளிரவு தாண்டினால் மட்டும் பாவிக்கிற டேட்டா நிறைய. பகலில் இறக்கினால் மாதத்தின் டேட்டா ஒரே நாளில் தீர்ந்துவிடும், அக்காவின் ஒன்லைன் வகுப்பு நின்றுவிடும். ஆகவே இரவு. இரவுப் பங்கு 12 மணிக்குத் தொடங்கி காலை 7 மணிக்கு முடிகிறது. ஏழு மணித்தியாலத்தில் அந்த வேகத்தில் அதிகபட்சம் முப்பத்தொன்றரை ஜிபி. ஆக ஒரு இரவு போதாது.

பையன் அலாரம் வைத்து 12 மணிக்கு எழும்பி பட்டனை அழுத்தினான். விடியமுன் கடலுக்குப் போகிற சித்தப்பா எழும்பியபோது திரையில் 43 சதவீதம். "இன்னும் முடியலயா?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடித்து, எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் இரவுதான் 100 ஆனது. அதற்குள் அந்த நிறுவனம் அடுத்த அப்டேட்டை விட்டிருந்தது, அது சிறியது, 3 ஜிபி.

இடையில் அவனுக்கு ஒரு வழி காட்டினேன். நெட்டைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை மட்டும் போட்டு ஆடு என்றேன். அப்படி ஆடினால் அச்சடித்த அன்றைக்கு டிஸ்க்கில் என்ன இருந்ததோ அதுதான் ஓடும், 1.00 பதிப்பு. ஆடினான். கோல் கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், தன் கோலுக்குள்ளேயே நடந்து போனார். நடுவர் விசில் ஊதி கோல் கொடுத்தார். முதல் தடவை பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நாலாவது தடவை கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டான்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. சோனியின் ப்ளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கைத் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்கே கன்சோல் வைத்திருக்கிற ஏறக்குறைய எல்லோரும் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதாகச் சொல்லித்தான் கணக்குத் திறந்திருக்கிறார்கள். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 கேமை கொம்பியூட்டரில் ஆடுகிறவர்களும் அந்த நெட்வொர்க் கணக்கைக் கட்டாயம் இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தபோது, அந்தச் சேவை இல்லாத 177 நாடுகளில் கேம் ஸ்டீம் கடையிலிருந்து காணாமல் போனது. உலகம் முழுக்க எழுந்த கூச்சலில் சில நாட்களிலேயே கட்டாயத்தைக் கைவிட்டார்கள். அறிவிப்பு எழுதியவருக்கு எங்கள் நாடு ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

பிழையே இல்லாத பொற்காலம் ஒன்று முன்பு இருந்ததா? இல்லவே இல்லை. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் வேற்றுக்கிரகவாசிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமாக இறங்குவார்கள். டோமோஹிரோ நிஷிகாடோ அதை அப்படித் திட்டமிடவில்லை. நிறைய உருவங்களை ஒரே நேரத்தில் வரைய அந்தக் கால இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை, உருவம் குறைந்ததும் அது வேகம் பிடித்தது. ஆட நன்றாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். பேக்-மேனில் 256ஆவது கட்டத்துக்குப் போனால் திரையின் வலது பாதி எழுத்தும் குப்பையுமாகச் சிதறிவிடும், ஏனென்றால் கட்டத்தை எண்ணுகிற எட்டு பிட் எண்ணிக்கை 255ஐத் தாண்டாது. ஆனாலும் அந்தக் கட்டத்துக்குப் போய்ச் சேர அசாத்தியப் பொறுமை வேண்டும். முதல் கட்டத்திலேயே கேம் விழுந்திருந்தால் மெஷினை வாங்கிய கடைக்காரர் அதைத் திருப்பி அனுப்பியிருப்பார். கார்ட்ரிட்ஜ் காலமும் அப்படித்தான். சில்லில் எழுதியது எழுதியதுதான், திருத்த வழியே கிடையாது. அந்தப் பயம் செய்த வேலையைச் சின்ன வேலை என்று சொல்ல முடியாது.

எங்கள் தலைமுறைக்குக் கேம் வந்தது கார்ட்ரிட்ஜிலிருந்து நேராகச் சீடி கடைக்கு. புத்தளம் டவுனில் ஒரு கடை இருந்தது. நீளமான மேசை, மேசை நிறைய பிளாஸ்டிக் உறையில் சீடி, உறைக்குள் கலர் போட்டோகொப்பி அட்டை. கடைக்கார நாநாவுக்கு எல்லாக் கேமும் தெரியும், ஒன்றையும் ஆடியதில்லை. "தம்பி, இது நல்லா ஓடுது, ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வரல" என்பதுதான் அவருடைய விமர்சனம். அதைவிடச் சுருக்கமான, நம்பகமான கேம் விமர்சனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை. எல்லாம் திருட்டுப் பிரதிதான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அப்போதே இருந்தது. சட்டம் இருந்த ஊரில்தான் அந்த மேசையும் இருந்தது.

அந்தச் சீடிக்காரர்களான எங்களுக்கு பேட்ச் என்றால் என்னவென்றே தெரியாது. தெரிந்திருந்தாலும் போட முடியாது. பூட்டை உடைத்த ஃபைல் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கென்றே செய்யப்பட்டது. அதிகாரபூர்வ பேட்ச்சைப் போட்டால் உடைத்த ஃபைலின் மேல் நல்ல ஃபைல் உட்காரும், கேம் திறக்கும்போது "ஒரிஜினல் டிஸ்க்கைப் போடு" என்று கேட்கும். கதை முடிந்தது. ஆகவே நாங்கள் என்றென்றைக்கும் 1.0 ஆடிய கூட்டம். எந்தச் சுவருக்குப் பக்கத்தில் போனால் கார் நிலத்துக்குள் இறங்கும், எந்தப் பணியில் சேவ் பண்ணினால் கேம் மாட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் ரியூசன் வகுப்பு வாசலில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிற அறிவு. அப்படி ஆட முடிந்தது என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு 1.0 என்பது குறைபாடுள்ள முழுக் கேம்.

கிரிக்கெட் 07 பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவாகாது. 2006 நவம்பரில் ஈஏ ஸ்போர்ட்ஸ் வெளியிட்டது. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் வர்ணனை. உரிமம் கிடைக்காத அணிகளின் வீரர்கள் திரிந்த பெயர்களோடு ஆடினார்கள். ஆளைப் பார்த்தால் தெரியும், பெயரைப் பார்த்தால் சிரிப்பு வரும். அதற்குப் பிறகு ஈஏ கொம்பியூட்டருக்கு இன்னொரு கிரிக்கெட் கேம் செய்யவே இல்லை. நிறுவனம் கைகழுவிய இடத்தில் ரசிகர்கள் கையை வைத்தார்கள். பெயர்களைத் திருத்தும் ரோஸ்டர் பேட்ச், புதிய ஜெர்சி, புதிய மைதானம், புதிய மட்டை, பிறகு ஐபிஎல் அணிகள் முழுவதும் என்று இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பங்களாதேஷ் பையன்கள் வருடக்கணக்காகச் செய்துகொண்டே இருந்தார்கள். பென் டிரைவில் ஊர் ஊராகப் போனது. பேட்ச் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்படித்தான்: யாரோ சம்பளமில்லாமல் செய்து தருகிற நல்ல காரியம். பேட்ச்சின் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை என்று சொல்லவே இவ்வளவும்.

பிறகு எப்போது அது மாறியது?

இணையத்தோடு இணைந்த கன்சோல்கள் வந்த பிறகு என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில். அதற்குள்ளே ஒரு சின்னக் கணக்குக் கதை இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் ஒரு பேட்ச்சை வெளியிட மைக்ரோசாஃப்ட்டிடம் சோதனைக்குக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். முதல் பேட்ச்சுக்குப் பிறகு வருபவற்றுக்குக் கட்டணம் உண்டு. 2012இல் ஃபெஸ் என்ற சின்னக் கேமுக்குப் போட்ட பேட்ச், ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஆட்டக்காரர்களின் சேவ் ஃபைலைக் கெடுத்தது. அதைத் திருத்த இன்னொரு பேட்ச் போட்டால் பல்லாயிரக்கணக்கான டொலர் கட்ட வேண்டும், எங்களால் முடியாது என்று சொல்லி, செய்தவர்களான பொலிட்ரோன் அந்தக் கெட்ட பேட்ச்சையே திரும்ப ஏற்றிவிட்டார்கள். பெரிய சர்ச்சை. 2013இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை நீக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். ஏழை ஸ்டூடியோக்களுக்கு நல்லதுதானே.

ஆனால் அந்தக் கட்டணம் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. பிழையோடு அனுப்பினால் செய்தவருக்குச் செலவு என்று ஒரு நினைப்பை அது வைத்திருந்தது. அது போனதும் செலவு ஆவியாகிவிடவில்லை. பேட்ச்சை இறக்குகிற வீட்டின் டேட்டாவில், மின்கட்டணத்தில், தூக்கம் கெட்ட பையனின் கண்ணில் போய் உட்கார்ந்தது. இலவச அப்டேட் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை எங்கள் வீதியில் யாரும் இலவசமாக இறக்கியதில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், முதல் நாள் பேட்ச் என்பதற்கு ஒரு தொழில் காரணம் உண்டு. டிஸ்க்கை அச்சடித்து, பெட்டியிலிட்டு, உலகம் முழுக்க அனுப்பச் சில வாரங்கள் எடுக்கும். அச்சுக்குப் போகும் பிரதியை முடித்துக் கொடுத்த பிறகும் வேலை செய்கிற நூறு பேர் சும்மா இருக்க மாட்டார்கள், மிச்சப் பிழைகளைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தம் வெளியீட்டு நாளில் வந்து சேரும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த வசதி எதுவரைக்கும் இழுபடுகிறது என்பதில்தான் குறை. 2015இல் வந்த டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 5 டிஸ்க்கில் இருந்தது 4.6 ஜிபி. முதல் நாள் பேட்ச் 7.7 ஜிபி. பேட்ச் இல்லாமல் டிஸ்க்கை மட்டும் போட்டால் பயிற்சிப் பகுதியும் பூங்கா கட்டும் கருவியும்தான் கிடைத்தன. முழு விலைக்கு விற்ற பெட்டி அது.

அதே வருடம் பேட்மேன்: ஆர்க்கம் நைட்டின் கொம்பியூட்டர் பதிப்பை வெளியிட்ட கையோடு விற்பனையை நிறுத்தி, ஜூனில் நிறுத்தியதை அக்டோபர் கடைசியில்தான் மறுபடி தொடங்கினார்கள்.

சைபர்பங்க் 2077இன் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இரண்டு விஷயங்களை மட்டும் எடுக்கிறேன். 2020 டிசம்பர் 10 வெளியீடு. அதற்கு முன்னர் மூன்று தடவை தேதி தள்ளிப் போயிருந்தது. முன்பதிவு மட்டும் 80 லட்சம் பிரதி. கேமை முன்கூட்டி ஆடிப் பார்க்க விமர்சகர்களுக்குக் கொடுத்தது கொம்பியூட்டர் பதிப்பை மட்டும்தான். பழைய ப்ளேஸ்டேஷன் 4இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் அது எப்படி ஓடுகிறது என்பதை வாங்கியவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். முகமில்லாத ஆட்கள், நிமிடத்துக்கொரு தரம் விழுகிற கேம். பழைய கன்சோலை யார் வைத்திருக்கிறார்கள்? எங்களைப் போன்ற இடங்களில் இருப்பவர்கள்தான். புதிய மெஷின் வைத்திருந்தவருக்குக் கேம் ஓடியது. சோனி ஒரு வாரத்தில் கடையிலிருந்து இறக்கி, காசையும் திருப்பிக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்து 2021 ஜூனில்தான் திரும்ப ஏற்றினார்கள். இரண்டாவது விஷயம்: 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்தது. கேம் உண்மையிலேயே அருமையாகிவிட்டது என்று உலகம் கொண்டாடியது. அந்த 2.0 ப்ளேஸ்டேஷன் 4க்கு வரவில்லை. முதல் நாள் அடி வாங்கிய கூட்டத்துக்குக் கடைசி நாள் விருந்தில் இலை போடவில்லை.

இந்த இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன். எங்கள் கரையிலும் ஒரு பெரிய வெளியீடு நடந்திருக்கிறது. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையம். கத்தோலிக்கத் திருச்சபையும் மீனவர்களும் வருடக்கணக்காக எதிர்த்தார்கள், தலவில புனித அன்னாள் திருத்தலம் பக்கத்திலேயே இருக்கிறது. எதிர்ப்பையும் மீறி, சீன எக்ஸிம் வங்கிக் கடனில், சீன நிறுவனமான சிஎம்ஈசி கட்டியது. முதலாவது 300 மெகாவொட் பிரிவை 2011 மார்ச் 22 அன்று அன்றைய ஜனாதிபதி திறந்து வைத்தார். திறப்பு விழா பிரமாதம். திறந்த பிறகு அது அடிக்கடி நின்றது. நிற்கும், திருத்துவார்கள், ஓடும், நிற்கும். பத்திரிகைகளில் "நுரைச்சோலை மீண்டும் செயலிழப்பு" என்ற தலைப்பை அச்சுக்கூடத்தில் கழற்றாமலே வைத்திருந்தார்கள் போலும். இரண்டாம், மூன்றாம் பிரிவுகளும் சேர்ந்து 900 மெகாவொட் ஆனது 2014இல். அந்த விழாவுக்குச் சீன ஜனாதிபதி வந்திருந்தார்.

ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட முடியாது. 2020 ஓகஸ்ட் 17 நாடு இருண்டது கெரவலப்பிட்டி உப மின்நிலையக் கோளாறால். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை இருண்டதற்குப் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏறிய குரங்கு காரணம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் வலையமைப்பு குலுங்கியதும் நுரைச்சோலை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக நின்றது, அதற்குத்தான் அந்தப் பாதுகாப்பு ஏற்பாடு. சிக்கல் அதற்குப் பிறகு. நிலக்கரி நிலையம் நின்றால் சுவிட்சைப் போட்டு ஓட்டிவிட முடியாது. கொதிகலனை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும், அவசரப்பட்டால் உலோகம் தாங்காது. தண்ணீர்ப் பம்ப், காற்றாடி எல்லாம் ஓட வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். ஆகவே நாடு சில மணித்தியாலங்களில் வெளிச்சத்துக்கு வந்தாலும் நுரைச்சோலை முழுமையாகத் திரும்ப நாட்கள் எடுத்தன, அந்த நாட்களில் ஊருக்கு ஊர் முறை வைத்து மின்வெட்டு. புகைபோக்கியின் நிழலில் இருக்கிற வீடுகளுக்கும்தான்.

விளையாட்டையும் மின்நிலையத்தையும் ஒரே பந்தியில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். ஒரு விதத்தில் வைக்கலாம்: இரண்டிலும் விழாவுக்கான தேதியை முதலில் குறிக்கிறார்கள், இயந்திரம் அந்தத் தேதிக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருகிறது. சைபர்பங்க் செய்த சிடி ப்ரொஜெக்ட் வார்ஸோ பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனம், கிறிஸ்மஸ் விற்பனையை விட முடியாது. ஆஷஸ் கேமுக்கு ஆஷஸ் தொடர். மின்நிலையத்துக்கு அரசியல் மேடை. இன்னொரு விதத்தில் வைக்கவே முடியாது. மின்நிலையம் நின்றால் பாராளுமன்றத்தில் கேள்வி வரும், விசாரணைக் குழு வரும், பத்திரிகை எழுதும். கேம் நின்றால் "உங்கள் பொறுமைக்கு நன்றி" வரும்.

எங்கள் வாடியில் வலை பொத்துகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கடலில் பாறையில் மாட்டிக் கிழிந்த வலையை அவர்கள் பொத்துவதைப் பார்த்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள், வலை என்றால் கிழியத்தான் செய்யும். கடையிலிருந்து கொண்டுவந்த புது வலையைப் பிரிக்கும்போதே ஓட்டை இருந்தால் அதைச் சம்மாட்டி பொத்தச் சொல்ல மாட்டார், கடைக்குத்தான் திருப்பி அனுப்புவார். கேம் வாங்குகிறவர்களுக்கு அந்தச் சம்மாட்டியின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

போனதற்கு ஒரு காரணம், திரும்பி எழுந்த கேம்களின் புராணங்கள். நோ மேன்ஸ் ஸ்கை 2016 ஓகஸ்டில் வந்தபோது, முன்பு பேசிய பலது அதில் இல்லை. முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் போய் நின்று பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் காண முடியவில்லை. ஹலோ கேம்ஸ் ஒரு சின்னக் கூட்டம். திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வேலை செய்தார்கள். 2018 ஜூலையில் நெக்ஸ்ட் அப்டேட்டில் உண்மையாகவே சேர்ந்து ஆடும் வசதி வந்தது, அதற்குப் பிறகும் வருடா வருடம் புதியது வந்துகொண்டே இருக்கிறது, எதற்கும் மேலதிகக் காசு வாங்கவில்லை. மரியாதைக்குரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையைப் பெரிய நிறுவனங்கள் கேட்ட விதம் வேறு. "முதலில் விற்கலாம், பிறகு திருத்தலாம், கடைசியில் கைதட்டுவார்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பயோவேரின் ஆந்தம் 2019இல் பிழையும் வெறுமையுமாக வந்தது. முழுதாகத் திருத்தித் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்து, 2021 பெப்ரவரியில் அந்தத் திருத்த வேலையை நிறுத்திவிட்டார்கள். காத்திருந்தவன் காத்திருந்ததுதான் மிச்சம். புராணத்தில் ஆந்தத்துக்கு அத்தியாயம் கிடையாது.

என்னை உண்மையில் உறுத்துவது இன்றைய பேட்ச் கூட இல்லை, பத்து வருடம் கழித்து வரப்போகும் நிலைமை. என் அலமாரியில் இருக்கிற பழைய ப்ளேஸ்டேஷன் 2 கேம்களை இன்றைக்கும் போட்டால் ஓடும், யாரையும் கேட்கத் தேவையில்லை. பேட்ச்சை நம்பி அரைகுறையாக அச்சடித்த டிஸ்க் அப்படியல்ல. பேட்ச் இருக்கிற சேவரை ஒருநாள் நிறுத்துவார்கள். நின்டெண்டோ 2023 மார்ச்சில் வீ யூ கடையை மூடியது. மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை மூடியது. இப்போதைக்கு ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்க விடுகிறார்கள், அது அவர்கள் மனம் இருக்கும்வரைதான். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று த க்ரூ கேமின் சேவரை நிறுத்தியதும், தனியாகவே ஆடக்கூடிய அந்தக் கேம் வாங்கியவர் எவராலும் திறக்க முடியாததாகிவிட்டது. எங்கள் பக்கம் செகண்ட் ஹேண்ட் சந்தையில்தான் பாதிப் பேர் கேம் வாங்குகிறார்கள். மூன்று கை மாறி வருகிற டிஸ்க்குக்குப் பேட்ச் தருகிற சேவர் அப்போது உயிரோடு இருக்குமா என்பதை விற்கிறவரும் சொல்ல மாட்டார், வாங்குகிறவரும் கேட்க மாட்டார்.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததல்லவா? அப்போது எங்கள் வீதிப் பையன்கள் எதை ஆடினார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். இடையிடையே கரண்ட் வந்த இரண்டு மூன்று மணித்தியாலங்களில் அப்டேட் கேட்கிற எதையும் யாரும் திறக்கவில்லை. ஒருவனுடைய பழைய மடிக்கணினியில் கிரிக்கெட் 07 போட்டு, பற்றரி தீரும்வரை முறை வைத்து ஆடினார்கள். ரசிகர்கள் திருத்தித் தந்த அதே பதிப்பு.

ஆகவே புத்தளத்திலோ சிலாபத்திலோ மன்னாரிலோ இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல சில நடைமுறை விஷயங்கள். முன்பதிவு செய்யாதீர்கள். டவுன்லோட் கேம் தீர்ந்து போகாது. வந்து ஒரு வருடம் கழித்து, எல்லா பேட்ச்சும் டிஸ்க்கிலேயே சேர்த்து அச்சடித்த முழுப் பதிப்பு வந்தால் அதை வாங்குங்கள், விலையும் பாதியாகியிருக்கும். டிஸ்க் பெட்டியின் பின்பக்கத்தில் "டவுன்லோட் தேவை" என்று சின்ன எழுத்தில் போட்டு எத்தனை ஜிபி என்று குறித்திருந்தால், அந்த எண்ணை உங்கள் இரவு டேட்டாவால் வகுத்துப் பாருங்கள், பிறகு காசைக் கொடுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கடையிலேயே நெட் இல்லாமல் ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கோல் கீப்பர் பந்தோடு தன் கோலுக்குள் நடந்து போனால் வாங்காமல் எழும்பி வாருங்கள்.